கத்தித் துப்பாக்கியும் நான் எழுதிய சீட்டும்

மலர்க் குழுவைச் சேர்ந்த தம்பி போன் செய்து, "சார், ஹாஸ்டல் நினைவுகள் ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எனக்கு முன்னால் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். நான் வேறொன்று எழுதுகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால் இது கட்டுரை இல்லை, ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சில் கிடந்ததை இந்த மலரில் இறக்கி வைக்கிறேன்.

நம் வரலாற்றுத் துறையில் நீளமான கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. முதுமக்கள் தாழி ஓடுகள், செப்புக் காசுகள், பனையோலைச் சுவடி இரண்டு கட்டு, கடைசித் தட்டில் ஒரு கத்தித் துப்பாக்கி. உள்ளங்கையில் அடங்குகிற மடக்குக் கத்தி. அதன் முதுகில் ஒரு குட்டித் துப்பாக்கிக் குழல். மற்றதை மறந்தவர்கள்கூட அதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் அருகே இந்தியன் இங்க்கில் எழுதிய ஒரு சீட்டு இருந்தது: "பாஞ்சாலங்குறிச்சிப் போரில் (1799) ஆங்கிலேய அதிகாரியிடமிருந்து கைப்பற்றப்பட்டது."

அந்தச் சீட்டை எழுதியவன் நான்தான். அது பொய்.

1970ஆம் வருஷம். நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. துறைக் கண்காட்சிக்காக அலமாரியைச் சுத்தம் செய்யும் வேலையை எங்கள் பேராசிரியர் என்னிடம் கொடுத்தார். கத்தித் துப்பாக்கி துருப்பிடித்துக் கறுத்துக் கிடந்தது. ஊரில் எங்கள் அம்மா குத்துவிளக்கை விளக்குகிற மாதிரி புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. அலகின் அடியில் சின்னச் சின்ன ஆங்கில எழுத்துகள் இருந்தன. தேய்த்து முடித்தபோது மிஞ்சியது மூன்று துண்டுகள்: முதல் வரியில் "ஜர்ஸ்", இரண்டாம் வரியில் "டீஸ்", மூன்றாம் வரியில் "ஃபீல்ட்".

அட்லஸைப் புரட்டினேன். இங்கிலாந்தில் டீஸ் என்று ஒரு நதி இருக்கிறது! ஆக, இது டீஸ் நதிக்கரை ஊரில் செய்தது. வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் கொண்டுவந்தது. நம்ம பக்கம் வெள்ளைக்காரன் சண்டைக்கு வந்தது பாஞ்சாலங்குறிச்சிக்கு. எனவே இது மேஜர் பானர்மேனின் படையைச் சேர்ந்தது. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. கட்டபொம்மன் என்ற பெயரைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். பேராசிரியர் சீட்டைப் படித்துவிட்டு, "எப்படிப்பா தெரியும்?" என்றார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார்" என்றேன். எல்லாரும் என்றால் நானும் என் ரூம்மேட்டும்தான். அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, கண்காட்சி முடியட்டும், பாக்கலாம்" என்று போய்விட்டார். கண்காட்சி முடிந்தது. பரீட்சை வந்தது. சீட்டு மட்டும் அங்கேயே இருந்துவிட்டது.

பிறகு நான் வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, ஓய்வும் பெற்றேன். 2013இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்க நேர்ந்தது. அங்கே ராயல் ஆர்மரீஸ் என்ற மாபெரும் ஆயுதக் காட்சியகம் இருக்கிறது. மருமகனும் மகளும் வேலைக்குப் போனதும் பகல் முழுக்க எனக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒரு நாள் அங்கே ஆயுதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நம் கடைசித் தட்டின் ஞாபகம் வந்தது. அன்று ஆரம்பித்தது, அரை நாள் பொழுதுபோக்காக முடியவில்லை. நூலகத்தில் படித்தேன், விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன், ரயிலேறி ஷெஃபீல்டுக்கும் போய் வந்தேன். தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

துப்பாக்கியையும் கத்தியையும் ஒன்றாகச் சேர்க்கும் ஆசை மிகப் பழையது. காரணம் எளிது. பழைய துப்பாக்கி ஒரு தரம்தான் சுடும். மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் எதிராளி மேலே விழுந்துவிடுவான். மழையில் மருந்து நனைந்தால் அந்த ஒரு தரமும் கிடையாது. ஆகவே கையில் இருப்பதே கத்தியாகவும் ஆகட்டும் என்று நினைத்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வேட்டைக்கத்தி ஒன்று இருக்கிறது. 1528 என்று ஆண்டு பொறித்தது. பக்கவாட்டில் சக்கர விசைத் துப்பாக்கி. அலகிலே 1529 முதல் சில வருஷங்களுக்கான காலண்டர் வேறு! எட்டாம் ஹென்றி மன்னரின் "கைத்தடி" என்று பெயர் பெற்ற முள் தண்டாயுதம் ஒன்று ராயல் ஆர்மரீஸ் சேகரிப்பில் உண்டு. அதன் தலைக்குள் மூன்று துப்பாக்கிக் குழல்கள். நம் நாட்டிலும் இந்த ஆசை இல்லாமல் இல்லை. கட்டாரியின் இரு பக்கமும் இரண்டு சிறு துப்பாக்கிகள் பொருத்திய வட இந்திய ஆயுதங்களை மியூசியங்களில் காணலாம்.

சரி, ஒரு கத்தித் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் அது எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது? நான் கற்றுக்கொண்ட விதி ஒன்றுதான்: ஒரு பொருளில் இருக்கிற அங்கங்களில் எது மிகப் பிற்காலத்ததோ, அதற்கு முன்னால் அந்தப் பொருள் அந்த வடிவில் இருந்திருக்க முடியாது. பெயரைப் பார்க்கும் முன்னால் கதையை மறந்துவிட்டு அங்கங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, மருந்து எப்படித் தீப்பற்றுகிறது என்பதை. சக்கிமுக்கிக் கல் தட்டித் தீப்பொறி விழும் விசை என்றால், பொதுவாக 1820களுக்கு முந்தியது. தீபாவளிக்குப் பிள்ளைகள் கேப்பு வெடிக்கிறார்களே, அதே தத்துவத்தில் ஒரு சின்னச் செம்பு மூடியைச் சுத்தி அடித்து வெடிக்கும் விசை அடுத்து வந்தது. இதற்கு வழி திறந்தவர் அலெக்சாண்டர் ஃபார்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பறவை வேட்டைக்காரரான அவர், சக்கிமுக்கி மின்னலைப் பார்த்துப் பறவை பறந்துவிடுகிறதே என்று யோசித்து, அடித்தால் வெடிக்கும் மருந்துக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். செம்பு மூடி பரவலாக வந்தது 1820களில்தான். அதற்குப் பிறகு தோட்டா. பக்கவாட்டில் குட்டி ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் தோட்டா 1830களில் பிரான்ஸில் தோன்றியது. விளிம்பில் அடித்தால் வெடிக்கும் சிறு தோட்டா 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கைத்துப்பாக்கியோடு பிரபலமாயிற்று.

நம் அலமாரிக் கத்தியில் சுத்தி உண்டு. செம்பு மூடி மாட்டும் சின்ன முளையும் உண்டு. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. ஃபார்சைத் காப்புரிமை பெற்றது அதற்கு எட்டு வருஷம் கழித்து. என் சீட்டு முதல் படியிலேயே விழுந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் செம்பு மூடிக்கு மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அப்படி மாற்றியிருந்தால் விசைத் தகட்டில் பழைய திருகாணித் துளைகளை அடைத்த தடயம் தெரியும். நானும் என் சீட்டைக் காப்பாற்ற இந்தச் சந்து வழியில் நுழைந்து பார்த்தேன். மடக்குக் கத்தியில் விசைத் தகடே கிடையாது. அது செம்பு மூடிக்காகவே பிறந்தது.

இரண்டாவது, உலோகம். நம் கத்தியின் முனைப் பூண்கள் வெள்ளி மாதிரி இருக்கும், ஆனால் வெள்ளி இல்லை. ஜெர்மன் சில்வர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த இந்த உலோகத்தை ஜெர்மனியில் தொழில் முறையில் செய்ய ஆரம்பித்ததே 1823-24 வாக்கில். இங்கிலாந்தில் அது புழக்கத்துக்கு வந்தது 1830ஐ ஒட்டி. ஆக, சுத்தி ஒரு சாட்சி, பூண் இன்னொரு சாட்சி. இரண்டும் ஒரே சொல்தான் சொல்கின்றன.

மூன்றாவது, கத்தி எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது. இதிலிருந்து ஊரையே ஊகிக்கலாம். குழலின் அடியிலோ பக்கத்திலோ மடங்கியிருந்து, தாழ்ப்பாளை விட்டதும் 'சடக்'கென்று முன்னால் பாயும் ஸ்பிரிங் ஈட்டி என்றால் இங்கிலாந்தின் பர்மிங்காமை நினைக்கலாம். அங்கே ஜான் வாட்டர்ஸ் என்பவர் 1781இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இதே மாதிரியைப் பிற்பாடு பெல்ஜியத்திலும் ஏராளமாகச் செய்தார்கள்.

குழலின் அடியில் ஒரு வெட்டரிவாள் அளவுக்கு அலகு நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால் அது அமெரிக்காவின் ஜார்ஜ் எல்ஜின் வகை. 1837 ஜூலை 5இல் காப்புரிமை பெற்றது. சார்லஸ் வில்க்ஸ் தலைமையில் 1838இல் தென்கடல் ஆராய்ச்சிக்குப் புறப்பட்ட கப்பல்களுக்காக அமெரிக்கக் கடற்படை இதில் 150 வாங்கியது. ஸ்பிரிங்ஃபீல்டின் சி.பி. ஆலன் செய்து கொடுத்தார். குழல் ஐந்து அங்குலம், அலகு பதினொரு அங்குலம். கையில் எடுத்தால் துப்பாக்கியாகவும் கனம், கத்தியாகவும் கோணல். கடற்படை மறுபடி வாங்கவில்லை. 150தான் என்பதால் இன்று விலை அதிகம். விலை அதிகம் என்பதால் போலியும் வந்துவிட்டது. வரிசை எண்ணையும் செய்தவர் பெயரையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்காமல் யாரும் நம்புவதில்லை.

கைப்பிடியே விரல் நுழைக்கும் குத்துவளையமாக மடங்கி, கூடவே ஒரு சிறு கத்தியும், குழலே இல்லாத சுழல் துப்பாக்கியும் சேர்ந்திருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து லூயி தோல்ன் செய்தது. ஊசித் தோட்டா போடுவது. பாரீஸ் ரவுடிக் கும்பல்களின் பெயரால் இதை "அப்பாச்சி" என்கிறார்கள். மூன்று ஆயுதம் ஒன்றாகச் சேர்ந்தும் எதுவும் உருப்படியில்லை. குழல் இல்லாததால் நாலு அடி தள்ளி நின்றவனுக்கே குறி தப்பும்.

கடைசியாக, சட்டைப்பையில் போடும் மடக்குக் கத்தி; மேல் பக்கம் குட்டிக் குழல்; மடங்கிக்கொள்ளும் விசை; மாட்டுக் கொம்புப் பிடி; பிடியிலே குண்டு வார்க்கும் சின்ன அச்சும் மருந்து கெட்டிக்கும் குச்சியும் செருகப் பள்ளம்; அடியில் செம்பு மூடிகளைப் போட்டுவைக்க மூடி போட்ட குழிவு. இத்தனையும் இருந்தால் அது ஷெஃபீல்ட். 1840களிலிருந்து இந்தக் கத்தித் துப்பாக்கிகளைச் செய்து பெயர் வாங்கியவர்கள் அன்வின் அண்ட் ராட்ஜர்ஸ் என்ற கம்பெனியார். அலகில் அவர்கள் அடித்த முத்திரை மூன்று சொற்றொடர்: "அன்வின் அண்ட் ராட்ஜர்ஸ் – பேடண்டீஸ் – ஷெஃபீல்ட்". பேடண்டீஸ் என்றால் காப்புரிமை பெற்றவர்கள்.

ராட்ஜர்ஸில் "ஜர்ஸ்". பேடண்டீஸில் "டீஸ்". ஷெஃபீல்டில் "ஃபீல்ட்".

நான் கண்டுபிடித்த நதி இதுதான்! லீட்ஸ் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மையார் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் சிரிப்பு போய்விட்டது. அந்த முத்திரை 1970 வரைக்கும் நூறு வருஷத்துக்கு மேல் அலகில் பத்திரமாக இருந்தது. துரு அதை அழிக்கவில்லை. நான் அழித்தேன், புளியும் செங்கல் பொடியும் போட்டு. சாட்சியின் வாயை மூடிவிட்டு, சாட்சி சொன்னதாக நானே ஒரு கதை எழுதி வைத்தேன்.

பெயரிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ராட்ஜர்ஸ் என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவு வருவது ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ். நட்சத்திரமும் சிலுவையும் அவர்கள் அடையாளம். 1822இல் 1822 அலகுகள் வைத்து ஒரே கத்தி செய்து காட்டிய பெரிய கம்பெனி அது. அன்வின் அண்ட் ராட்ஜர்ஸ் வேறு. பிற்பாடு தோட்டா போடும் கத்தித் துப்பாக்கியில் "செல்ஃப் ப்ரொடெக்டர்" என்று பொறித்து விற்ற ஜேம்ஸ் ராட்ஜர்ஸ் என்ற பெயரும் ஜோசப் இல்லை. ராட்ஜர்ஸ் என்று பார்த்த மாத்திரத்தில் பெரிய கம்பெனியின் பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

மற்ற முத்திரைகளும் காலம் சொல்லும். கிரீடத்தின் கீழ் குறுக்காக இரண்டு செங்கோல் இருந்தால் பர்மிங்காம் சோதனைச்சாலை. அது ஏற்பட்டதே 1813இல். முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகள் என்றால் லியேஜ். அதன்மேல் கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிறகு. அலகில் கிரீடத்தோடு வி.ஆர். இருந்தால் விக்டோரியா மகாராணி காலம், 1837 முதல் 1901 வரை. வெறும் "இங்கிலாந்து" என்று நாட்டின் பெயர் அடித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டத்தின் விளைவு அது. எழுத்துகள் வெட்டியது போலக் கூர்மையாக இல்லாமல் வார்த்தது போல மழுங்கியிருந்தால் போலியோ என்று சந்தேகிக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் அனுமதி பெற்று அலமாரியைத் திறந்து பார்த்தேன். செம்பு மூடி முளை இருக்கிறது. அச்சு செருகும் பள்ளம் இருக்கிறது, அச்சு தொலைந்துவிட்டது. அடியில் மூடிக் குழிவு இருக்கிறது. தோட்டா போடும் வசதி இல்லை. எனவே அன்வின் அண்ட் ராட்ஜர்ஸின் முந்தைய வகை. ஏறத்தாழ 1840களுக்கும் 1860களுக்கும் இடையில் ஷெஃபீல்டில் செய்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டம் ஆக்கி ஒரு தலைமுறை கழிந்த பிறகு பிறந்த பொருள்.

துறைத் தலைவரிடம் கேட்டுப் பழைய பதிவேட்டையும் பார்த்தேன். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைக் கல்லூரிக்குக் கொடுத்த குடும்பத்தார் கட்டபொம்மன் என்றோ போர் என்றோ ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. 1956ஆம் வருஷத்துப் பதிவில் இருப்பது இவ்வளவுதான்: "கத்தியுடன் கூடிய கைத்துப்பாக்கி. கொடுத்தவரின் பாட்டனார் வைத்திருந்தது." பாட்டனார் என்றால் விக்டோரியா காலம், கணக்கு சரியாக வருகிறது. அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். பொய் சேர்ந்தது கல்லூரிக்குள், படித்தவன் கையால். அந்தப் பதிவின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் "1799?" என்று எழுதியிருந்தது. எங்கள் பேராசிரியர் கையெழுத்து. கேள்விக்குறியைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தார். அவர் நம்பவில்லை. நானே தேடிக்கொண்டு வருவேன் என்று காத்திருந்தார் போலும். நான் போகவில்லை. அவரும் இப்போது இல்லை.

என் சீட்டைப் பார்த்துக் கல்லூரி மலரிலும் விடுதி மலரிலும் கட்டுரை எழுதியவர்கள் உண்டு. பேச்சுப் போட்டியில் இந்தக் கத்தியைச் சொல்லிப் பரிசு வாங்கியவர்கள்கூட உண்டு. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கட்டபொம்மனுக்கு என் பொய்யால் ஒரு பெருமையும் கூடவில்லை. உண்மை தெரிந்ததால் ஒன்றும் குறையவும் இல்லை. அவருக்கு நம் அலமாரியின் சாட்சி தேவையில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டே வார்த்தை. உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடைத்தால் விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் கெட்டித்த மருந்து உள்ளேயே இருக்கலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. பழசுதானே என்று பேசாமல் இருக்காமல் உரிய அலுவலகத்தில் தெரியப்படுத்துங்கள். அடுத்தது, தேய்க்காதீர்கள். துருவும் அழுக்கும் அப்படியே இருக்கட்டும், முதலில் போட்டோ எடுங்கள். தெரியாததைச் சீட்டில் எழுத வேண்டி வந்தால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். பின்னால் வருகிறவன் தேடுவதற்கு அது வழிவிடும்.

பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிய சீட்டு வைக்கத் துறைத் தலைவர் பெரிய மனதோடு சம்மதித்திருக்கிறார். பழைய சீட்டைக் கிழிக்க வேண்டாம், பதிவேட்டிலேயே ஒட்டிவையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். புதியதில் இருப்பது: "கத்தித் துப்பாக்கி. ஷெஃபீல்ட், இங்கிலாந்து. அன்வின் அண்ட் ராட்ஜர்ஸ். சுமார் 1840–1860கள். முத்திரையின் பெரும்பகுதி 1970இல் சுத்தம் செய்தபோது அழிந்தது." கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது நான்தான்.

சந்திப்பு நாளன்று சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஒரு நடை துறைக்கு வந்து கடைசித் தட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள். நானும் அங்கேதான் நிற்பேன். திட்டுவதானாலும் அங்கேயே திட்டலாம்.

– பி.ஏ. வரலாறு, 1968–71 அணி